நரிவால் ஆர்க்கிட்: இரண்டு மாநிலங்களின் பூ, நாட்டின் காட்டுக் கணக்கில் ஏன் இல்லை?

ஏப்ரல் 14. நம் வீடுகளில் மாங்காய்ப் பச்சடியும் பாயசமுமாகப் புத்தாண்டு. அதே நாட்களில் அசாமில் ரொங்காலி பிஹு. பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ வேலை பார்க்கிறீர்கள் என்றால், அசாம்காரத் தோழி ஒருவரின் ஸ்டேட்டஸில் இந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள்: தங்க நிற மேகேலா சாதர், நெற்றியில் பெரிய பொட்டு, கொண்டையில் சரமாகத் தொங்கும் இளஞ்சிவப்பு, வெள்ளைப் பூக்கொத்து.

அந்தப் பூவின் பெயர் கொபௌ. அசாமிய மொழியில் கொபௌ என்றால் புறா. ஆங்கிலத்தில் நரிவால் ஆர்க்கிட், அறிவியல் பெயர் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா. அசாம், அருணாசலப் பிரதேசம் இரண்டுக்கும் இதுதான் மாநிலப் பூ.

படத்தை ஜூம் செய்து பாருங்கள். பெரும்பாலும் அது பிளாஸ்டிக்காகவோ துணியாகவோ இருக்கும். நகரத்தில் நிஜப் பூ கிடைக்காதது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணமா? இந்தப் பூவுக்கு என்ன ஆகிறது என்று தேடிப் போனால், இந்தியா தன் காடுகளை எப்படி எண்ணுகிறது என்ற கேள்வியில் போய் நிற்கிறோம்.

இது எங்கே வளரும் பூ?

இது ஈரப்பதமுள்ள வெப்பமண்டலக் காடுகளின் செடி. வடகிழக்கு, இமயமலை அடிவாரம், மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை, அங்கிருந்து மியான்மர், தாய்லாந்து வழியாகப் பிலிப்பைன்ஸ் வரை பரவியிருக்கிறது. கோடையில் பூக்கும். ஒரு சரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னப் பூக்கள் நெருக்கமாக அமைந்து கீழ்நோக்கித் தொங்கும். பார்க்க நரியின் வால் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். இந்தியில் இதைத் திரௌபதி மாலை என்பார்கள்.

இந்தியாவில் மொத்தம் எத்தனை ஆர்க்கிட்கள் இருக்கின்றன? இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019-ல் வெளியிட்ட முழுமையான தொகுப்பின்படி 1,256 இனங்கள். அருணாசலில் மட்டும் 612. சிக்கிமில் 560. மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மலைப்பகுதியில் 479. இந்தியாவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை 388. அவற்றில் 128 மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன. எண்ணிக்கையில் வடகிழக்கு முதலிடம் என்றால், ‘நமக்கு மட்டுமே சொந்தம்’ என்று சொல்லக்கூடியவற்றில் நம் பக்கத்து மலைக்குப் பெரிய பங்கு.

இதே தொகுப்பில் இன்னொரு எண்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்: 757. இந்தியாவின் ஆர்க்கிட்களில் சுமார் 60 சதவிகிதம், அதாவது 757 இனங்கள், மண்ணில் வளர்வதில்லை. மரத்தின் மேல் வளர்கின்றன. கொபௌவும் அப்படித்தான்.

மரத்தில் வளர்ந்தால் ஒட்டுண்ணியா?

இல்லை. பலருக்கும் இருக்கும் குழப்பம் இது. புல்லுருவி மாதிரியான ஒட்டுண்ணிகள் மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் அப்படிச் செய்யாது. மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். தண்ணீருக்கு மழையும் பனியும் காற்றின் ஈரமும். உணவுக்குப் பட்டை இடுக்குகளில் மக்கும் இலையும் தூசியும். வேரைச் சுற்றி பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கும். மழை பெய்தால் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

அப்படியானால் எந்த மரம் கிடைத்தாலும் போதுமே? அங்கேதான் சிக்கல்.

ஆர்க்கிட் விதை தூசி போல இருக்கும். ஒரே காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் விதைகள் இருக்கும். ஆனால் நெல்லிலும் உளுந்திலும் இருப்பது போல முளைக்கும் குருத்துக்கான உணவுச் சேமிப்பு அதற்குள் கிடையாது. காற்றில் பறந்து வந்து பட்டையில் ஒட்டும் விதை, அங்கே ஏற்கெனவே வாழும் ஒரு பூஞ்சையோடு சேர்ந்தால்தான் முளைக்கும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் 1899-ல் கண்டறிந்த விஷயம் இது. பூஞ்சை இல்லையென்றால் லட்சம் விதை விழுந்தாலும் ஒன்றும் நடக்காது.

ஆக, இந்தப் பூவுக்கு வேண்டியது கரடுமுரடான பட்டையோடு முதிர்ந்த மரம், அதில் பாசி, அந்தப் பட்டையில் சரியான பூஞ்சை, சுற்றிலும் ஈரக் காற்று, மகரந்தம் சுமக்கப் பூச்சிகள். அதற்குப் பிறகும் முளைத்த செடி பூக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

இதை நம் முன்னோர்கள் நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். கொச்சியில் டச்சு அதிகாரியாக இருந்த வான் ரீட், மலபார் மருத்துவர்களின் உதவியோடு தொகுத்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்தது. கடைசித் தொகுதியில் நரிவால் ஆர்க்கிட்டின் படம் இருக்கிறது. அங்கே அதன் பெயர் ‘ஆஞ்ஞிலி மரவாழ’. மரவாழ என்றால் மரத்தில் வளரும் வாழை. ஆஞ்ஞிலி என்பது கன்னியாகுமரிப் பக்கம் அயினி என்று சொல்லும், பலா குடும்பத்து மரம். 1753-ல் லின்னேயஸ் அறிவியல் பெயர் வைத்தபோது இந்தப் பதிவையும் சுட்டிக்காட்டினார். மலபார்க்காரர்கள் இந்தப் பூவுக்குப் பெயர் வைக்கும்போதே அது உட்கார்ந்திருந்த மரத்தையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். பின்னால் வந்த சட்டமும் கணக்கும் அந்த மரத்தை விட்டுவிட்டன.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்க்கிட்டைப் பாதுகாக்கும் சட்டங்கள், அதைப் பறிக்கும் கையைப் பார்த்து எழுதப்பட்டவை. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு.

1850-ல் காசி மலையில், அதாவது இன்றைய மேகாலயாவில், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் லண்டனின் கியூ தோட்டத்துக்காக நீல வாண்டா ஆர்க்கிட்டை ஏழு ஆள் சுமை சேகரித்தார். மிகச் சிலவே உயிரோடு போய்ச் சேர்ந்தன. இடத்தைப் பார்த்துக்கொண்ட இன்னொருவர் அனுப்பிய ஒரே ஒரு சுமை, மோசமான நிலையில் போய்ச் சேர்ந்தும், 300 பவுண்டுக்கு விற்றது. ஒரு சீசனில் காசி மலை ஆர்க்கிட்களை விற்றே 2,000 முதல் 3,000 பவுண்டு சம்பாதிக்கலாம் என்று ஹூக்கரே எழுதிவைத்திருக்கிறார். ஆர்க்கிட் வேட்டை அப்போது அவ்வளவு பெரிய தொழில்.

இதைக் கட்டுப்படுத்தத்தான் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் ஆர்க்கிட் குடும்பம் முழுவதையும் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. இந்தியா 1976-ல் அதில் சேர்ந்தது. இன்று சைட்ஸ் பட்டியலில் உள்ள சுமார் 40,000 இனங்களில் 70 சதவிகிதத்துக்கும் மேல் ஆர்க்கிட்கள்தான். புலி, யானை எல்லாம் ஓரமாக நிற்கின்றன.

உள்நாட்டில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கிறது. தாவரங்களுக்கான அத்தியாயம் அதில் 1991-ல்தான் வந்தது. அப்போது இடம்பெற்றவை ஆறே ஆறு: பெட்டோம் சைகஸ், நீல வாண்டா, சிவப்பு வாண்டா, சீமாட்டிச் செருப்பு ஆர்க்கிட்கள், காசி மலையின் குடுவைச் செடி, கூத் என்ற மூலிகை. ஆறில் மூன்று ஆர்க்கிட். கொபௌ அதில் இல்லை. 2022 திருத்தத்தில் தாவரங்களுக்கு மூன்றாம் அட்டவணை ஒதுக்கப்பட்டு, பட்டியல் நீண்டது. நம் நீலக்குறிஞ்சியும் உள்ளே வந்தது. சைட்ஸ் இனங்களுக்கு நான்காம் அட்டவணை தனியாக வந்தது. ஆனால் அது முக்கியமாகச் சர்வதேச வணிகத்துக்கானது.

சட்டத்தின் 17ஏ பிரிவு, பட்டியலில் உள்ள செடியைக் காட்டில் பறிக்கவோ, பிடுங்கவோ, சேதப்படுத்தவோ கூடாது என்கிறது. அந்த மாவட்டத்தில் வாழும் பழங்குடியினர் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுக்க விலக்கு உண்டு. நியாயமான விலக்குதான்.

ஆக, நம் சட்டத்துக்குத் தெரிந்தது இரண்டு விஷயம்: பட்டியலில் பெயர் இருக்கிறதா? யாராவது பறித்தார்களா? செடியை யாரும் தொடவே இல்லை, ஆனால் அது உட்கார்ந்திருந்த மரத்தை வெட்டிவிட்டார்கள் என்றால்? மரத்தை வெட்ட முறையான அனுமதி வாங்கியிருந்தால், அந்தக் கிளையில் முப்பது வருஷமாகப் பூத்துக்கொண்டிருந்த ஆர்க்கிட்டைப் பற்றிக் கேட்க யாரும் இல்லை.

சரி, காடு கூடியிருக்கிறது என்கிறார்களே?

ஆமாம். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி, நாட்டின் காட்டுப் பரப்பும் மரப் பரப்பும் சேர்த்து 8,27,357 சதுர கிலோமீட்டர். நிலப்பரப்பில் 25.17 சதவிகிதம். 2021 அறிக்கையோடு ஒப்பிட்டால் 1,445 சதுர கிலோமீட்டர் அதிகம். தலைப்புச் செய்தியாக வந்தது இந்த எண்தான்.

அதைப் பிரித்துப் பார்ப்போம். கூடியதில் காட்டுப் பரப்பு 156 சதுர கிலோமீட்டர் மட்டுமே. மீதி 1,289 சதுர கிலோமீட்டர் மரப் பரப்பு. அதாவது காட்டுக்கு வெளியே, ஒரு ஹெக்டேருக்கும் குறைவான திட்டுகளில் நிற்கும் மரங்கள். ஆர்க்கிட்களின் தலைநகரமான வடகிழக்கில் காட்டுப் பரப்பு 327 சதுர கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதியில் பத்தாண்டுகளில் 58 சதுர கிலோமீட்டர் குறைவு. நாடு முழுக்கக் கூட்டல். இந்தப் பூ வாழும் இரண்டு இடங்களிலும் கழித்தல்.

அடுத்தது, ‘காடு’ என்றால் என்ன என்ற வரையறை. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், அதில் 10 சதவிகிதமாவது மரக் கவிகை இருந்தால், சாட்டிலைட் கணக்கில் அது காட்டுப் பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம், எதற்கு வளர்க்கிறார்கள் என்பது கணக்கில் வராது. ரப்பர் தோட்டமும் தென்னந்தோப்பும் பழத்தோட்டமும் வரும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குப் பச்சை என்றால் பச்சைதான்.

நியாயமாகச் சொன்னால், இது மோசடி இல்லை. பரப்பை அளக்க இது ஒரு முறை, உலக அளவில் பலரும் இப்படித்தான் அளக்கிறார்கள். பரப்பைச் சொல்லும் எண்ணை, காட்டின் ஆரோக்கியத்தைச் சொல்லும் எண்ணாக நாம் படிக்கும்போதுதான் தப்பு நடக்கிறது.

கவிகை இருக்கும், வீடு இருக்காது

குடகை எடுத்துக்கொள்வோம். வார இறுதியில் ஹோம்ஸ்டேக்குப் போய் வந்திருப்பீர்கள். இந்தியாவின் காபியில் சுமார் 70 சதவிகிதம் கர்நாடகத்தில் விளைகிறது. அதில் குடகுக்குப் பெரிய பங்கு. அங்கே காபிச் செடி நிழலில் வளர்வது. பழைய தோட்டங்களில் அந்த நிழலைத் தந்தவை காட்டின் சொந்த மரங்கள்: பலா, அத்தி வகைகள், ஈட்டி. காடு போலவே இருக்கும் அந்த மரங்களில் ஆர்க்கிட்களும் இருக்கும்.

இப்போது பல தோட்டங்களில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நேராக, சீக்கிரம் வளரும், மிளகுக்கொடி ஏற்ற வசதி. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பல வகை நிலங்களில் நாட்டு மரத்தை வெட்டி விற்கத் தோட்டக்காரருக்கு முழு உரிமை இல்லை, அனுமதிக்கு அலைய வேண்டும். சில்வர் ஓக்கை வெட்டி விற்பது சுலபம். காபி விலை விழுந்த வருஷத்தில் கைச் செலவுக்கு உதவுவது அந்த மரம்தான். தோட்டக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாட்டு மரத்தைக் காப்பாற்ற நினைத்த விதியே, நாட்டு மரத்தை வளர்ப்பதை நஷ்டமாக்கிவிட்டது.

சாட்டிலைட் படத்தில் முன்பும் பச்சை, பின்பும் பச்சை. ஆர்க்கிட்டுக்கோ பழைய பலாவும், சில வருஷத்தில் வெட்டப்போகும் சில்வர் ஓக்கும் ஒன்றில்லை. விதை விழுந்து, பூஞ்சை சேர்ந்து, செடி வளர்ந்து பூப்பதற்குள் மரமே போய்விடுகிறது.

வடகிழக்கிலும் இதே கேள்வி பெரிய அளவில் வருகிறது. 2021-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த எண்ணெய்ப் பனை இயக்கத்தின் மதிப்பு 11,040 கோடி ரூபாய். 2025-26க்குள் கூடுதலாக 6.5 லட்சம் ஹெக்டேர் என்பது இலக்கு. அதில் 3.28 லட்சம் ஹெக்டேர், பாதிக்கும் மேல், வடகிழக்குக்கு. சமையல் எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்தில் அர்த்தம் இருக்கிறது. காட்டை அழித்து நடப்போவதில்லை என்பது அரசின் நிலை. ஆனால் மாற்றுச் சாகுபடி முடிந்து விட்ட நிலம் மெல்ல மெல்ல மறுபடியும் காடாக மாறும். அங்கே பனை நட்டால், அந்த வாய்ப்பு முடிந்துபோகும். வந்த பனை மட்டும் பச்சைக் கணக்கில் வந்துவிடும்.

இதோடு 2023-ல் திருத்தப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வரும், பாதுகாப்பு முக்கியத்துவம் வாய்ந்த சாலை போன்ற திட்டங்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு. மேப்பை எடுத்து அண்டை நாடுகளின் எல்லைகளிலிருந்து 100 கிலோமீட்டர் கோடு போட்டால், வடகிழக்கின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும்.

லேபில் வளர்த்தால் போதாதா?

முடியும், செய்கிறார்கள். 1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், பூஞ்சையே இல்லாமல் சர்க்கரைக் கரைசல் சேர்த்த ஊடகத்தில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். இன்று உங்கள் ஆபீஸ் ரிசப்ஷனில் இருக்கும் ஆர்க்கிட் அந்த வழியில் வந்ததுதான். சிக்கிமின் பாக்யோங்கில் தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நம் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிடேரியம் இருக்கிறது. கொபௌவையும் லேபில் வளர்க்கலாம்.

இதில் ஒரு நிஜமான நன்மை உண்டு. பிஹுவுக்கு நர்சரிப் பூ தாராளமாகக் கிடைத்தால், காட்டிலிருந்து பறிக்கும் அழுத்தம் குறையும்.

ஆனால் லேப் காப்பாற்றுவது செடியை. செடியும் மரமும் பூஞ்சையும் பூச்சியும் சேர்ந்த உறவை அது காப்பாற்றாது. ஒரே தாய்ச்செடியின் திசுவிலிருந்து பெருக்கினால் ஆயிரம் தொட்டியிலும் ஒரே மரபணுதான். நாளைக்கு ஒரு நோய் வந்தாலோ வெப்பம் கூடினாலோ தாக்குப்பிடிக்கும் வேறுபாடுகள் காட்டில் மட்டுமே இருக்கின்றன. எல்லா பால்கனியிலும் பூத்துக்கொண்டே, காட்டில் இல்லாமல் போவது ஒரு பூவுக்கு முழுக்கச் சாத்தியம்.

கொபௌ நாளைக்கே அழியப்போகும் செடி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது பரவியிருக்கும் பரப்பு பெரியது. அதனால்தான் அபூர்வ இனங்களின் பட்டியலில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் ஒரு பூ முதலில் ஊரிலிருந்துதான் காணாமல் போகும், உலகத்திலிருந்து அப்புறம். தெருமுனைப் பலாவில் பூத்தது, பக்கத்து ஊர்க் காட்டுக்குப் போய், பிறகு சரணாலயத்துக்குள் மட்டும் என்றாகும். அந்த இறக்கத்தை எந்தப் பட்டியலும் பதிவு செய்வதில்லை.

என்ன மாறினால் நல்லது?

முதலில், கணக்கு. மரம் வெட்ட அனுமதி கேட்கும்போது பொதுவாக மரத்தின் இனம், சுற்றளவு, எண்ணிக்கை எல்லாம் எழுதப்படுகின்றன. அதில் இன்னும் ஒரு கட்டம் சேர்க்கலாம்: இந்த மரத்தில் வேறு என்ன வளர்கிறது? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளிலும் இதே கேள்வி. மரத்தொற்றுச் செடிகளை எண்ணப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஏறிப் பார்க்க உள்ளூர் ஆளும் அடையாளம் சொல்ல ஒரு தாவரவியல் மாணவரும் போதும்.

இரண்டாவது, மீட்பு. மரத்தைக் காப்பாற்றவே முடியாது என்ற நிலையில், மண்ணில் வளரும் செடியைவிட ஆர்க்கிட்டை இடம் மாற்றுவது சுலபம். வேர் அதிகம் சேதமாகாமல் எடுத்து, பக்கத்துக் காட்டில் அதே மாதிரிப் பட்டையுள்ள மரத்தில் தேங்காய் நார் கயிற்றால் கட்டிவிட்டால், பல செடிகள் பிடித்துக்கொள்ளும். வெட்டு அனுமதியின் நிபந்தனையாகவே இதை வைக்கலாம். இது இழப்பீடு ஆகாது, குறைந்தபட்ச மரியாதை மட்டுமே.

மூன்றாவது, ஈடுகாடு வளர்ப்பு. வெட்டிய மரத்துக்குப் பதிலாக எத்தனை கன்று என்பதோடு, என்ன இனம், எவ்வளவு காலம் வெட்டாமல் நிற்கும் என்றும் கேட்க வேண்டும். நாட்டு மரத்தை வைத்திருக்கும் காபித் தோட்டக்காரருக்கு அதனால் ஏதாவது லாபம் கிடைக்கும்படி விதியை மாற்ற வேண்டும்.

நம் பக்கம்? ஆன்லைனில் ஆர்க்கிட் வாங்கும்போது படத்தை ஒரு நிமிடம் பாருங்கள். தொட்டி இல்லாமல் வெறும் வேரோடு, வேரில் மரப்பட்டைத் துண்டு ஒட்டியிருக்க, இலைகள் பூச்சி கடித்துப் பழசாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருந்தால், அது காட்டிலிருந்து பிடுங்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம். நர்சரிச் செடிகள் பெரும்பாலும் ஒரே அளவில், தொட்டியில், பெயர்ச் சீட்டோடு வரும். வால்பாறைக்கோ கூர்க்கோ போகும்போது கீழே விழுந்த கிளையில் ஆர்க்கிட்டைப் பார்த்தால், பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டு வரத் தோன்றும். பக்கத்து மரக்கவட்டில் வைத்துவிட்டு வாருங்கள். சென்னை வெயிலைவிட அதற்கு அதுதான் நல்லது.

அடுத்த முறை ‘காடு இத்தனை சதுர கிலோமீட்டர் கூடியது’ என்ற செய்தி வரும்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: அங்கே நிற்கும் மரங்களின் வயசு என்ன? பிஹு கொண்டையில் அடுத்த தலைமுறையும் நிஜப் பூ வைக்குமா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.